மேலத்தீவு யாருக்கு மேல?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் வள்ளியூர் பக்கம், இப்ப சென்னைல சாஃப்ட்வேர் வேலை. கொஞ்ச வருஷமா ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதிட்டு இருக்கேன். கதை நடக்கறது முழுக்க நானே உருவாக்கின ஒரு கடல்ல. பேர் ஏழ்திரை, மொத்தம் 37 தீவு. ஒவ்வொரு தீவுக்கும் பேர், அது எப்படி வந்தது, என்ன அர்த்தம்னு ஒரு பட்டியல் போட்டு மேப்போட இணைச்சிருக்கேன். என் சந்தேகம் என்னன்னா, பேருக்காகத் தனியா ஒரு மொழியே உருவாக்கணுமா, இல்ல சங்கத்தமிழும் சமஸ்கிருதமும் கலந்து வெச்சாப் போதுமா? அர்த்தப் பட்டியலை நாவல் கடைசில பின்னிணைப்பா கொடுக்கலாமா? நம்ம பக்கத்து ஊர்ப்பேர்களை லேசா மாத்தி வெச்சுக்கிட்டா தப்பா? ஃப்ரெண்ட்ஸ் சில பேர் ஒரு பேரும் வாய்ல நுழையலன்னு சொல்றாங்க, அதுவும் கவலையா இருக்கு. சைட்ல போட்டீங்கன்னா என் பேரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

தம்பி,

ஊர்ப்பேரைப் பத்தி இம்புட்டுப் பெரிய மெயிலு எழுதிட்டு கடைசில எம்பேரைப் போடாதீங்கன்னு முடிச்சிருக்கீங்க, சரி, போடல. பொதுவா மந்திரவாதி, டிராகன், கற்பனை உலகம்னு வார மெயிலுக்கு நான் பதில் எழுதுறதில்ல, நமக்கு அதுல அவ்வளவா ஓட்டம் கிடையாது. ஆனா உங்க பட்டியல் வந்த நேரம் பாத்து நான் தூத்துக்குடில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மன்னார் வளைகுடால கெடக்கிற தீவுகளோட பேரை வாய்க்குள்ள போட்டு உருட்டிக்கிட்டு இருந்தேன், ஒரு கட்டுரைக்காக. அதனால மாட்டிக்கிட்டீங்க.

சட்டுபுட்டுனு முடிக்க வேண்டியதை மொதல்ல முடிச்சிருதேன். தனி மொழி உண்டாக்கணுமாங்கீங்க. தெரிஞ்சா உண்டாக்குங்க, தெரியலன்னா விடுங்க, இலக்கணம் எழுதி முடிக்கதுக்குள்ள உங்களுக்குக் கல்யாணமாகி பிள்ளையும் பள்ளிக்கூடம் போயிரும். வாய்ல நுழையலங்கிற ஃப்ரெண்டுகளைத் தள்ளி வைங்க, அதுக்குப் பெறகு வாரேன்.

பட்டியலை வரி விடாமப் படிச்சேன். சந்திரகாந்தம், நிலவின் மகள் இறங்கிய தீவு. வீரசேகரம், மன்னன் வீரசேகரன் பகைவரை வென்ற தீவு. அமுதகிரி, முனிவர் தவமிருந்து அமுதம் பெற்ற தீவு. இப்படியே 37-ம். ஏ தம்பி, உங்க கடல்ல மீன் பிடிக்கிறவன் ஒருத்தன்கூட கிடையாதா? வெறகு பொறுக்கப் போனவ, புயலுக்கு ஒதுங்கினவன், ஆட்டைத் தொலைச்சவன், இவங்க யாருமே ஒரு தீவுக்கும் பேரு வைக்கலியா? ராஜாவும் முனிவரும் தீவு தீவா இறங்கிப் பேரு வச்சுக்கிட்டே போனாங்களா, அவங்களுக்கு வேற சோலி இல்லையா?

இங்கன நம்ம கடலைப் பாருங்க. வேம்பார்த் தீவுக்கூட்டத்துல நல்லதண்ணித் தீவுன்னு ஒண்ணு, அந்தக் கூட்டத்துலயே உப்புத்தண்ணித் தீவுன்னு இன்னொண்ணு. அம்புட்டுதான், முடிஞ்சுது. தூத்துக்குடிப் பக்கம் வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி. கீழக்கரைப் பக்கம் வாலை, தலையாரி, ஆனைப்பார். மண்டபத்துக்கிட்ட முயல்தீவு, பூமரிச்சான், புள்ளிவாசல். மொத்தம் 21 பேரு, அதுல ஒரு ராஜாவையும் நான் பாக்கல. இதுல நல்லதண்ணி உப்புத்தண்ணியை மட்டும் எடுத்து ரெண்டு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அந்தத் தீவுக்குள்ளயே குடியிருக்கவனுக்கு நல்லதண்ணித் தீவுன்னு ஒரு பேரு தேவையே இல்ல, அவனுக்கு அது தண்ணி. பக்கத்துத் தீவுல ஊத்துத் தோண்டி வாயில வச்சுத் துப்பிட்டு, தொண்டை காஞ்சு வல்லத்தைத் தள்ளிக்கிட்டு வந்தவனுக்குத்தான் அந்தப் பேரு வேணும். அவன் கூப்பிட்டதுதான் பேரா நிக்கும். பேரு வைக்கிறவன் எப்பவும் கொஞ்சம் தள்ளி நிக்கிறவன்தான், உள்ள இருக்கவனுக்கு அது சும்மா 'ஊரு'.

உங்க பட்டியல்ல இருபத்திரெண்டாவது பேரு மேலத்தீவு. அதுக்கு நீங்க எழுதியிருக்க விளக்கம், 'மேலான வீரர்கள் பிறந்ததால் இப்பெயர்'. இதைப் படிச்சதும் சேர்ல இருந்து எந்திரிச்சிட்டேன். வள்ளியூர்க்காரன் எழுதுத எழுத்தா இது? மேலப்பாளையம்னா மேலான பாளையமா? மேலச்செவல்ல மேலான செம்மண்ணா கொட்டிக் கெடக்கு? உங்க வீட்டு ஆச்சி 'மேக்க இருட்டிக்கிட்டு வருது'ன்னா எந்தப் பக்கம் பாத்துச் சொல்லுவாவ? மலை நிக்கிற பக்கம் ஒசரம், அது மேக்கு. தண்ணி இறங்கி ஓடுற பக்கம் பள்ளம், அது கெழக்கு. பொதிகைல பொறந்து புன்னைக்காயல்ல கடல் சேருற ஆத்தைப் பாத்துக்கிட்டே வளர்ந்த ஜனம்லா நாம. இடையன்குடில கெடந்த கால்டுவெல் ஐயரே கவனிச்சு எழுதி வச்ச விஷயம் இது, வெளியூர்க்காரருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல.

சரி, தீவுல எப்படி? நடுவுல மலை, சுத்திக் கடல்னா மேலங்கறது எந்தத் திசை? ஹவாய்ல இன்னைக்கும் வழி சொல்லும்போது மௌகா, மகாய்ம்பாங்க, மலைப்பக்கம் கடல்பக்கம்னு அர்த்தம். தீவோட இந்தக் கோடில நிக்கிறவனுக்கு மௌகா வடக்குன்னா அந்தக் கோடில நிக்கிறவனுக்கு அது தெக்கு. இதெல்லாம் யோசிச்சீங்களா? யோசிக்கல. அதைவிடக் கூத்து, உங்க மேப்புல மேலத்தீவு கெழக்குக் கோடில கெடக்கு, அதுக்கு அங்கிட்டு வெறும் நீலம். யாருக்குய்யா அது மேல? இந்தக் கேள்வியை ஓரமா வைங்க.

யாரு கூப்பிட்ட பேரு. உங்க பட்டியல்ல விட்டுப்போன கட்டம் இது ஒண்ணுதான். நாங்குநேரியை எடுத்துக்கிடுங்க, நீங்க திருநெல்வேலிக்குப் போக வர பாத்த ஊருதான். பஸ்ஸுல ஏறுறவனுக்கு நாங்குநேரி. பெருமாளைச் சேவிக்க வாரவங்களுக்கு வானமாமலை. நம்மாழ்வார் பாட்டுல சிரீவரமங்கலநகர். சமஸ்கிருதத்துல சொல்லுறவங்களுக்கு தோத்தாத்ரி. ஊரு ஒண்ணு, கூப்பிடுறவன் வேற வேற. எது நிஜப்பேருன்னு கேட்டா பெரிய சண்டையே வரும், நடுவுல ஒருத்தன் நாலு ஏரி இருந்ததாலதான் நாங்குநேரின்னு அடிச்சுச் சொல்லுவான். உங்க 37 தீவுல ஒரு தீவுக்காவது ரெண்டு பேரு இருக்கா? ஒரு பேருக்காவது ரெண்டு அர்த்தம், ஒரு கைகலப்பு? எல்லாம் வெள்ளையடிச்ச சுவரு மாதிரி கெடக்கு.

எங்க பெரியப்பா ஒரு பிரைவேட் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தாவ, திசையன்விளை ரூட்டு. லீவு விட்டா நான் அவுக கூட டிக்கெட் இல்லாம நாள்பூரா சுத்தி வருவேன். பெரியப்பா கைல அச்சடிச்ச ஸ்டேஜ் லிஸ்ட் ஒண்ணு இருக்கும், அதுல உள்ள பேரு ஒண்ணு, ஜனங்க கேக்கிற பேரு வேற. மூணு பனை ஒண்ணு, பாலத்தடி ரெண்டு, டீச்சர் வீடு ஒண்ணும்பாங்க. மூணு பனைல பனை நின்னு நான் பாத்ததே இல்ல, டீச்சர் ரிட்டயர் ஆகி மக வீட்டோட போயிட்டாவ, ஆனா ஸ்டாப்பு ஸ்டாப்புதான். ஒரு நாள் பாம்படம் போட்ட ஒரு வயசான அம்மா ஏறி, கூட்டத்துல கம்பியைப் புடிச்சுக்கிட்டே 'தெக்கூருக்கு ஒண்ணு குடுய்யா'ன்னாவ. பஸ்ஸே சிரிக்கி. அந்த ரூட்டுல அப்படி ஒரு ஊரே கிடையாது. ஒரு பய 'இன்னும் தெக்க போனா கடல்தான் பாட்டி'ங்கான். பெரியப்பா சிரிக்கல. 'ஆத்தா, நீ பொறந்த ஊரு எது?'ன்னு மட்டும் கேட்டாவ. அவ சொன்னா. சட்டுன்னு டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்து, சரியான எடத்துல கையைப் புடிச்சு இறக்கியும் விட்டாவ.

எனக்கு ஆச்சரியம் தாங்கல. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். அவ பொறந்த ஊர்க்காரங்க பொண்ணு குடுக்கிறது தெக்க இருக்க அந்த ஒரு ஊருலதாம்ல, அதனால அவ அப்பன் வீட்டுல அதுக்குப் பேரு தெக்கூருன்னாவ. வாக்கப்பட்டு வந்து, பிள்ளை பெத்து, பேரன் பேத்தி எடுத்து, அந்த ஊரு மண்ணுக்கே போற வயசும் வந்தாச்சு, அவ இன்னமும் அப்பன் வீட்டுத் திண்ணைல நின்னுதான் தான் குடியிருக்க ஊரைப் பாக்கா. ரேஷன் கார்டுல என்ன பேரு அச்சடிச்சிருந்தா அவளுக்கென்ன.

உங்க தீவுகளுக்குள்ள பொண்ணு குடுத்து எடுக்கிறது உண்டா தம்பி? உண்டுன்னா தீவுக்குத் தீவு இப்படி ஒரு ஆத்தா இருப்பா. அவ வாயில உங்க அமுதகிரிக்கு என்ன பேரு? கொட்டுத்தீவா, பிசினித்தீவா, எங்க நாத்தனா செத்த தீவா? அதைக் கண்டுபிடிக்காம நீங்க அமுதம்னு எழுதுறதை நான் நம்ப மாட்டேன், நீ என்னதான் மேப்பு போட்டாலும். 'நீ'ன்னு வந்துட்டு, பொறுத்துக்கிடுங்க, கோவம் வந்தா எனக்கு மரியாதை வழுக்கும்.

வாய்ல நுழையலங்கிற விஷயத்துக்கு வாரேன். டவுன்ல வயசானவங்க பேசும்போது காதைக் குடுத்துக் கேளுங்க, 'தின்னவேலி'தான். வெள்ளைக்காரன் டின்னவெலின்னு எழுதிப் பேரையே கெடுத்துட்டான்னு நாம திட்டுதோம், அவன் காதுல விழுந்ததை எழுதினான், அவ்வளவுதான். 2020-ல அரசாங்கம் 1018 ஊர்ப்பேருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாத்தி ஒரு ஆணை போட்டுது, ஜனம் போட்ட சத்தத்துல கொஞ்ச நாள்லயே வாபஸ் ஆயிட்டு. பேரு அப்படித்தான், அரசாங்கத்துக்கும் அடங்காது. சம்பந்தர் காலத்துலயே 'திருநெல்வேலி உறை செல்வர்'னு பாட்டு இருக்கு. வேதசர்மா காயப்போட்ட நெல்லை மழை அடிச்சிட்டுப் போகாம சாமி வேலி போட்டாரு, அதனால நெல்வேலிங்குது கோயில் கதை. அதே கோயிலுக்கு வேணுவனம்னும் பேரு, மூங்கில் காடுன்னு. நெல்லா மூங்கிலான்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. அந்தக் கதையை நம்பி காலங்காலமா திருவிழா நடக்குதே, உங்க தீவுல அப்படி ஏதாவது நடக்கணும்.

நம்ம ஊர்ப்பேரை மாத்தி வச்சுக்கிடலாமான்னா தாராளமா வைங்க, எங்கிட்ட என்னத்துக்கு பெர்மிஷன். ஜெர்மன்கார டோனா பிரபு சர்ச்சு கட்டப் பணம் குடுத்தாருன்னு ஒரு ஊரே டோனாவூரு ஆச்சு, அவரு பேருக்கு நம்ம வாலை ஒட்டினதும் நம்ம ஊரு மாதிரியே கேக்குதுல்லா. சாயர்ங்கிறவரு வாங்கின நிலம் சாயர்புரம். சாண்பத்து நாசரேத் ஆச்சு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது முதலூரு. கிறிஸ்தவங்க தங்களுக்குன்னு 1799-ல உண்டாக்கின முதல் ஊரு. முதல்னு பேரு வச்சா ரெண்டாவது ஊரு வந்தே ஆகணும், அது வாரதுக்கு முன்னாலயே வச்சுட்டாங்க பாருங்க, அந்தத் தைரியம்.

இப்ப ஓரமா வச்ச மேலத்தீவை எடுங்க. மேல சொன்ன விலாங்குசல்லி இருக்குல்லா, அது இப்ப தண்ணிக்கு மேல இல்ல. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் சுத்தி இருந்த பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்து, அலையைத் தடுக்க ஒண்ணும் இல்லாமப் போயி தீவு கரைஞ்சு முங்கிட்டு. பூவரசன்பட்டித் தீவும் அதே கதிதான். 1986-ல அந்தப் பகுதியைத் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க, இன்னமும் கேட்டா 21 தீவுன்னுதான் சொல்லுவாங்க, முங்கின ரெண்டையும் சேத்து. இந்தப் பக்கம் கொற்கையைப் பாருங்க, பாண்டியனோட முத்துத் துறைமுகம், ஆத்து வண்டல் தள்ளித் தள்ளி கடல் பல கிலோமீட்டர் அங்கிட்டுப் போயிட்டு. கடல் நகரும், தீவு முங்கும், பேரு மட்டும் வச்ச எடத்துலயே நிக்கும்.

அப்ப கெழக்குக் கோடில கெடக்கிற தீவுக்கு மேலத்தீவுன்னு பேரு இருந்தா என்ன அர்த்தம்? அதுக்கும் கெழக்க ஒரு தீவு இருந்திருக்கு தம்பி. அங்க நின்னவன்தான் இதைக் கைகாட்டி மேலன்னு கூப்பிட்டிருக்கான். அவன் தீவு முங்கிட்டு. தப்பிச்ச ஜனம் தோணி ஏறி இதுக்கே வந்து இறங்கி, தாங்க நிக்கிற மண்ணையே மேலத்தீவு மேலத்தீவுன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கு, அந்த ஆத்தா மாதிரியே. பேரன் காலத்துல காரணம் மறந்து போச்சு, எவனோ ஒரு புலவன் மேலான வீரர் பொறந்த மண்ணுன்னு பாடிட்டான். உங்க விளக்கத்தைக் குப்பைல போட வேண்டாம், அதை அந்தப் புலவன் வாயில குடுத்துருங்க. நிஜம் என்னன்னு நாவல்ல ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம், தோணி ஓட்டுற கிழவன் எவனாவது கெழக்க ஒரு எடத்துல வலை போட மாட்டேன்னு அடம்பிடிக்கட்டும், போதும். நீங்க தெரியாமப் போட்ட ஒரு பேருக்குள்ள உங்க முழு நாவலும் கெடக்கு, அதை விட்டுட்டு நிலவின் மகளைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கீங்க.

பின்னிணைப்பு மட்டும் போட்டீங்க, நான் புஸ்தகத்தை வாங்க மாட்டேன்.

மத்த 36 தீவையும் விடுங்க. முங்கின தீவோட பேரு என்ன, அதை மேலத்தீவுக்காரங்க சொல்லுதாங்களா, சொல்லப் பயப்படுதாங்களா, சாவு வீட்டுல மட்டும் சொல்லுதாங்களான்னு ஒரு அத்தியாயம் எழுதி அனுப்புங்க, படிக்கேன். குத்தாலத்துல சீசன் முடிஞ்ச பெறகு அனுப்புங்க. சாரல் விழ ஆரம்பிச்சிட்டா நான் மெயிலத் தொறக்க மாட்டேன்.