பிளாக்மெயில் என்ற சொல்லில் ‘மெயில்’ எப்படி வந்தது? மிரட்டல் கடிதம் அனுப்பியதாலா?

கடிதத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தபாலைக் குறிக்கும் மெயில், பை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பையின் பெயர் உள்ளே இருந்த கடிதங்களுக்கு ஆகிவிட்டது. பிளாக்மெயிலில் இருப்பது ஸ்காட்லாந்துக்காரர்களின் வேறொரு மெயில். அதற்குக் குத்தகை, வரி என்று பொருள்.

கதை நடந்த இடம் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லை, காலம் 16ஆம் நூற்றாண்டு. இரண்டு நாட்டுப் படைகளும் மாறி மாறிக் கொளுத்திய சீமை அது. விதைத்தால் அறுப்போம் என்ற நிச்சயம் கிடையாது. அதனால் ஆர்ம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம் போன்ற குடும்பங்கள் குதிரையேறி இரவில் மாடு கவர்வதையே பிழைப்பாக்கிக்கொண்டன. இவர்களுக்கு ரீவர்கள் என்று பெயர். (நிலவில் கால்வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் முன்னோர் அந்த எல்லைக்காரர்கள்தாம்.)

பாவம் குடியானவன் இரண்டு குத்தகை கட்டினான். ஒன்று நிலத்துக்காரருக்கு, இன்னொன்று, தன் மாட்டைத் தொடாமலிருக்க ரீவர் தலைவனுக்கு. இரண்டாவதுதான் பிளாக்மெயில். ஆனால் இது வெறும் பறிப்பு அல்ல. பணம் வாங்கியவன் வேறு கும்பல் வராமலும் காவல் காக்க வேண்டும். திருட்டுப் போனால் மீட்டுத் தர வேண்டும். நம் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துக் காவல் கூலியும், களவுபோன மாட்டை மீட்கக் கொடுத்த துப்புக்கூலியும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

1601இல் எலிசபெத் அரசி காலத்து நாடாளுமன்றம் இதற்கு மரண தண்டனை விதித்தது. வாங்கியவனுக்கு மட்டுமல்ல, கொடுத்தவனுக்கும்! கொடுக்காவிட்டால் ரீவர் கொல்வான், கொடுத்தால் அரசு கொல்லும். ‘ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவேன்’ என்று காசு பிடுங்கும் இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது.

சரி, ஏன் கறுப்பு? வெள்ளிக் காசாகக் கட்டிய குத்தகை ‘வெள்ளை’, மாடாகவும் தானியமாகவும் கட்டியது ‘கறுப்பு’ என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒப்பவில்லை. அந்த 1601 சட்டமே பணம், தானியம், மாடு எதைக் கொடுத்தாலும் பிளாக்மெயில் என்றுதான் சொல்கிறது. முறைகேடான வசூல் என்பதால் கறுப்பு என்றார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.