கேள்விகள் உங்களுடையவை: மானியம் வந்தால் பெட்டி விற்றுவிடுமா?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் சின்னதாக சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல் இயந்திர) பட்டறை நடத்துகிறோம், கோவை பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்கிறோம். ராணுவ வாகனத்துக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றின் மாதிரியும் தயார். ஐடெக்ஸ் மானியம் 1.5 கோடி கிடைத்தால் மீதியைச் சமாளித்துவிடலாமா? பட்டறை கேரளத்தில் இருப்பது தடையா?
– வாசகர், கஞ்சிக்கோடு

பதில்: தடையில்லை. ஐடெக்ஸ் என்பது புதிய ராணுவத் தொழில்நுட்பம் உருவாக்கும் சிறு நிறுவனங்களுக்கு மானியம் தரும் மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் திட்டம். தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் (ராணுவத் தளவாட ஆலைகளுக்கான பகுதி) ஐந்து முனையங்களில் கோவையும் ஒன்று. ஆனால் தமிழக அரசின் சலுகை வாளையாருக்குக் கிழக்கே, அதாவது தமிழக எல்லைக்குள் உள்ள ஆலைக்குத்தான்.

பணத்துக்கு வருவோம். 1.5 கோடி என்பது உச்சவரம்பு. நீங்கள் போடும் பங்குக்கு ஈடாகத்தான் மானியம் வரும், அதுவும் கட்டம் கட்டமாக. ஒரு கட்டத்தில் சோதனை தேறாவிட்டால் அடுத்த தவணை நிற்கும்; பட்டறைச் சம்பளம் நிற்காது. ஆறு மாதச் செலவும் ஒரு மறுசோதனைக் கட்டணமும் தனியாகக் கையில் இல்லையென்றால் இறங்காதீர்கள்.

மறுசோதனை என்று சும்மா சொல்லவில்லை. முதல் மாதிரி பெரும்பாலும் மின்காந்த இரைச்சல் சோதனையில்தான் விழும் (மில்-ஸ்டாண்டர்டு 461 என்ற ராணுவத் தர விதி; கருவியிலிருந்து மின்காந்த அலை கசிகிறதா, வெளி அலை அதைப் பாதிக்கிறதா என்று பார்ப்பது). காரணம் சர்க்யூட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அலுமினியப் பெட்டியை அழகாக அனோடைஸ் செய்து (மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றி) மூடியைப் பூட்டுவார்கள். அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. மூடிக்கும் உடலுக்கும் இடையே உள்ள சந்து வழியாக இரைச்சல் கசியும். மூடி உட்காரும் விளிம்பை மறைத்துவிட்டு அனோடைஸ் செய்யச் சொல்லுங்கள். அந்த விளிம்புக்கு மட்டும் மின்கடத்தும் குரோமேட் (ரசாயனப்) பூச்சு, அதன்மேல் சந்தை அடைக்கும் மின்கடத்தும் கேஸ்கெட். கேபிளின் கவசவலையை முறுக்கி ஒற்றை வயராக எர்த் செய்வது அடுத்த தவறு. வலை கனெக்டரைச் சுற்றிலும் முழு வட்டமாகப் பிடித்திருக்க வேண்டும். இதில் தேறினாலும் ஜே.எஸ்.எஸ். 55555 என்ற இந்திய ராணுவச் சூழல் சோதனைத் தரம் இருக்கிறது: வெப்பம், அதிர்வு, உப்புப்புகை. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகை வெறுமனே இறக்கினால் உப்புப்புகையில் துளையைச் சுற்றி அரிக்கும்.

பூச்சுக்காகக் கோவைக்கு அனுப்பினால், சரக்கின் மதிப்பு 5,000 ரூபாயே ஆனாலும் இ-வே பில் (ஜி.எஸ்.டி. சரக்குப் பயணச் சீட்டு) போடுங்கள். மாநிலம் தாண்டும் ஜாப் ஒர்க்குக்கு (நம் சரக்கில் வேலை மட்டும் செய்து வாங்குவது) மதிப்பு வரம்பு கிடையாது.

எல்லாம் தேறிய பிறகும் ஆர்டர் தானாக வராது. படையினரின் களச்சோதனையும் விலைப்பேச்சும் பாக்கி. அதுவரை பம்ப் ஆர்டரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: டி.ஆர்.டி.ஓ.வின் (மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி ஐடெக்ஸைவிட மேலா?
– வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: தொகை பெரிது: திட்டச் செலவில் 90 சதவீதம் வரை, உச்சம் 50 கோடி. ஆனால் அவர்கள் கேட்கும் பொருளைத்தான் செய்ய வேண்டும். கையில் இருக்கும் மாதிரியை நீட்ட முடியாது.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் நல்ல தொழில்நுட்பத்தையும் பாதியில் கைவிடுகின்றனவே?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அவர்கள் ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்பதை 1 முதல் 9 வரை படிகளாக அளக்கிறார்கள். ஆய்வகத்தில் ஓடினால் 4. உண்மையான சூழலில் மாதிரி ஓடினால் 7. பணம் கரைவது இவற்றுக்கு நடுவில்தான். ஒவ்வொரு படியிலும் ‘தொடரலாமா, நிறுத்தலாமா’ என்று முடிவெடுப்பார்கள். சீக்கிரம் நிறுத்துவதும் நல்ல நிர்வாகம்தான். 6-ல் நிறுத்துவதைவிட 3-ல் நிறுத்துவது மலிவு.

சிறு பட்டறைகள் கோட்டைவிடும் இன்னொரு இடம் சிப். ராணுவக் கருவி 20 ஆண்டு ஓடும். சந்தையில் வாங்கும் சிப் அதற்கு வெகு முன்பே உற்பத்தியிலிருந்து போய்விடலாம். வடிவமைக்கும்போதே ஒவ்வொரு முக்கிய சிப்புக்கும் மாற்று ஒன்றைக் குறித்து, அதையும் சேர்த்தே சோதியுங்கள். பின்னால் மாற்றினால் மறுபடி சோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.