போடும்போது ஒரு ‘தும்’, நிறுத்தும்போது இன்னொரு ‘தும்’

ஹட்டன் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: “உள்ளூரில் அசெம்பிள் பண்ணிய அம்ப் (அம்ப்ளிஃபயர்). பேஸ், ட்ரெபிள் போர்ட் தனிப் பெட்டியில் இருக்கிறது. 12 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு. போட்டவுடன் ‘தும்’ என்று அடித்தது. டிலே போர்ட் ஒன்று வாங்கிப் பூட்டியபின் அது நின்றுவிட்டது. ஆனால் நிறுத்தினால் இரண்டு மூன்று செக்கன் கழித்துப் பெரிதாக அடிக்கிறது. பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கிறது. என்ன செய்யலாம்?”

டிலே போர்ட், அதாவது ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதித்துச் சேர்க்கும் சிறு போர்ட், பழுதில்லை. அது போடும் சத்தத்துக்கு மட்டும் செய்த மருந்து. இரண்டும் ஒரே மாதிரிக் கேட்டாலும் காரணம் வேறு வேறு.

அம்பைப் போட்டதும் பிளஸ், மைனஸ் சப்ளை இரண்டும் ஏறி, அவுட்புட் பூச்சிய வோல்ட்டில் நிலைக்கச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வரும் டிசிதான் (ஒரே திசைக் கரண்ட்) ஸ்பீக்கரின் கோனைத் தள்ளுகிறது. டிலே போர்ட்டிலுள்ள ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) மூன்று முதல் ஐந்து செக்கன் பொறுத்து ஸ்பீக்கரைச் சேர்த்தால் சத்தம் கேட்காது. நிறுத்தும்போது நடப்பது வேறு. சப்ளையைச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் மிச்சமிருப்பதால் அம்ப் உடனே சாவதில்லை. ஒரு பக்கச் சப்ளை மற்றதற்கு முன் விழும்போது அவுட்புட் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிக்கிறது. உங்கள் டிலே போர்ட்டும் அதே கெப்பாசிட்டரிலிருந்து கரண்ட் எடுத்தால், அடி விழுந்து முடியும் வரை ரிலேயும் பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று செக்கன் தாமதம் என்று நீங்கள் எழுதியதே அதற்குச் சாட்சி.

சோல்டரிங் அயர்னை எடுக்கும் முன் எந்தப் பெட்டி குற்றவாளி என்று பாருங்கள். அம்பின் இன்புட் வயர்களைக் கழற்றிவிட்டு, நடுக் கம்பியையும் வெளி வளையத்தையும் சேர்த்துச் சோல்டர் செய்த ஆர்சிஏ ப்ளக்கை இரண்டு இன்புட்டிலும் செருகி, அம்பை மட்டும் போட்டு நிறுத்துங்கள். அப்போதும் அடித்தால் அம்ப். அடிக்காவிட்டால் ட்ரெபிள் போர்ட். ஒற்றை 12 வோல்ட்டில் ஓடும் போர்ட்களில் அவுட்புட் 6 வோல்ட் அளவில் நிற்கும். போர்ட்டையும் அம்பையும் இணைக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும், இறங்கும் ஒவ்வொரு தரமும் அந்தத் தாவல் அம்புக்குள் போகும். அதற்கு வழி சுலபம்: அம்பைக் கடைசியில் போட வேண்டும், முதலில் நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒரே மல்டி ப்ளக்கில் செருகி ஒரே சுவிட்சில் போடுபவர்களுக்கு இந்த ஒழுங்கு கிடைக்காது. கரண்ட் போய் வரும்போதும் இதே கதைதான். போனவுடன் அம்பின் சுவிட்சை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து மீட்டர். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, வொலியூமைக் குறைத்து, ரிலேக்கு முன்னால், அம்ப் பக்கத்தில் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 100ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ கெட்டு வருகிறது. ஒரு வோல்ட்டுக்கு மேல் நின்றால் ஸ்பீக்கரைத் திரும்பக் கொழுவவே வேண்டாம். அது ‘தும்’ பிரச்சினை இல்லை, ஐசியோ ட்ரான்சிஸ்டரோ போயிருக்கிறது.

அம்ப்தான் என்று உறுதியானால், டிலே போர்ட்டுக்குத் தனிச் சப்ளை கொடுங்கள். 12 வோல்ட், 500 மில்லிஅம்பியர் சிறிய ட்ரான்ஸ்ஃபோர்மர் ஒன்றை அம்பின் அதே சுவிட்சுக்குப் பின்னால் கொடுத்து, அதன் ஏசியைப் போர்ட்டின் ஏசி இன்புட்டுக்குப் போடுங்கள். போர்ட்டிலுள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் 1000 மைக்ரோஃபரட் என்றால் 330 அல்லது 470 ஆக மாற்றினால் ரிலே இன்னும் சீக்கிரம் விடும். 100 வரை இறக்காதீர்கள், ரிலே நடுங்கிச் சத்தம் போடும். புதிதாக வாங்குவதானால் யூபிசி 1237 ஐசி உள்ள போர்ட் நல்லது. அதன் 4ஆம் கால் ஏசி போனதை உணர்ந்து ரிலேயை விடவைப்பதற்கென்றே உள்ளது. அந்தக் காலுக்கு ட்ரான்ஸ்ஃபோர்மரிலிருந்து ஏசி வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மலிவான சில போர்ட்களில் அது சும்மா கிடக்கும். இந்தச் சாமான்கள் நம் டவுன்களில் அகப்படாவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் தேடலாம்.

ரிலே வயரிங்கில் ஒரு நுணுக்கம். அம்பின் அவுட்புட் ‘நோர்மலி ஓப்பன்’ முனைக்கு, ஸ்பீக்கரின் பிளஸ் நடு முனைக்கு, ‘நோர்மலி குளோஸ்ட்’ முனை கிரவுண்டுக்கு. டிசி வந்த நேரத்தில் ரிலே விடும்போது எழும் தீப்பொறி ஸ்பீக்கருக்குப் போகாமல் கிரவுண்டுக்கு இறங்கும். பலரும் கடைசி முனையை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

நம் பக்கத்து மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு: சோல்டரிங் ஃப்ளக்ஸ் படிந்த போர்ட் ஈரத்தைப் பிடித்தால், இல்லாத பழுதெல்லாம் காட்டும், மீட்டரிலும் எண் ஆடும். ஐசோப்ரோப்பைல் அல்கஹோலும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்துக் காயவைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

குளிர்சாதனப்பெட்டி போடும்போது கேட்கும் கூர்மையான ‘டப்’ இந்த வகையில் சேராது. அது சுவிட்ச் தீப்பொறி, 0.1 மைக்ரோஃபரட் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் 100 ஓமும் சேர்ந்த, தீப்பொறியை அடக்கும் ஸ்னப்பரைச் சுவிட்ச் முனைகளுக்குக் குறுக்கே போட, வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் ப்ளக்கைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரையும் 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் அரை நிமிடம் இறக்கி, மீட்டரில் பார்த்த பின் கை வையுங்கள். ஸ்க்ரூட்ரைவரால் ஷோர்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். வேலை முடிந்ததும் 12 இன்ச்சைக் கொழுவாமல், போனாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய ஸ்பீக்கரில் பத்துத் தரம் போட்டு நிறுத்திப் பாருங்கள்.