எது கடைசி காப்பி? வாசகர் கேள்வி – பதில்

போன முறை டாக்குமென்ட் கன்ட்ரோலர் (கம்பெனியின் வரைபடம், ஆவணங்களைக் கணக்கு வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்) வேலையைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினாலும் எழுதினேன், களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. வளைகுடாவில் 19 வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டு ஊரில் வந்து உட்கார்ந்திருப்பவன் என்பதால் இந்தத் தடவை முழுக்க அதற்கே.

பி.காம். முடித்திருக்கிறேன் அண்ணாச்சி. திருவனந்தபுரத்தில் மூன்று மாத டாக்குமென்ட் கன்ட்ரோலர் கோர்ஸ், 45,000 ரூபாய், நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா? இன்ஜினியரிங் படிக்காதவனை எடுப்பார்களா?
– பாறசாலை வாசகர்

எடுப்பார்கள் தம்பி. என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் பி.ஏ., பி.காம்.தான். வரைபடத்தில் பைப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இன்ஜினியர் இருக்கிறார். எண் சரியா, எந்த ரிவிஷன் (எத்தனையாவது திருத்தம்), கையெழுத்து விழுந்திருக்கிறதா, யார் யாருக்குப் போக வேண்டும், போய்ச் சேர்ந்ததா, பழைய காப்பி திரும்பி வந்ததா, இதையெல்லாம் பார்ப்பது நம் பாடு. கேட்க லேசாக இருக்கும். நான் சறுக்கியது அந்தக் கடைசி விஷயத்தில்தான். ஒரு சைட்டில் அஸ்திவார வரைபடத்தின் புது ரிவிஷன் வந்தது, டிரான்ஸ்மிட்டல் (எந்தத் தாள் யாருக்குப் போகிறது என்று எழுதுகிற சீட்டு) போட்டு அனுப்பினேன், கையெழுத்தும் வாங்கினேன், ஆனால் பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஃபோர்மேன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய தாள் அப்படியே கிடந்திருக்கிறது. அதைப் பார்த்துப் போல்ட் வைத்துக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். அதை உடைக்கிற சத்தம் நாலு நாள் என் கேபினுக்குக் கேட்டது.

கோர்ஸ் விஷயத்துக்கு வருவோம். ‘வேலை உறுதி’ என்பதை எழுத்தில் கேளுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம். சேருவதற்கு முன்னால் மாணவர் செய்த பயிற்சி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். மாஸ்டர் ரிஜிஸ்டர் (எல்லா ஆவணங்களின் எண்ணும் ரிவிஷனும் உள்ள பட்டியல்) ஒன்றைத் தொடக்கத்திலிருந்து போட வைக்கிறார்களா, டிரான்ஸ்மிட்டல் எழுத வைக்கிறார்களா, ஏ-1 தாளை டைட்டில் பிளாக் (வரைபடத்தின் பெயரும் எண்ணும் உள்ள கட்டம்) வெளியே தெரிகிற மாதிரி ஏ-4 அளவுக்கு மடிக்கவாவது சொல்லித் தருகிறார்களா? (சிரிக்காதீர்கள், என்னுடைய முதல் நாள் வேலையே அதுதான்.) பெரிய திரையில் ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர நிர்ணயம்) படம் காட்டிச் சான்றிதழ் கொடுக்கிற இடமென்றால் அந்தக் காசை வீட்டிலேயே வைத்திருங்கள்.

ரிவிஷனைப் பற்றிச் சுருக்கமாக: பெரும்பாலான திட்டங்களில் சரிபார்ப்பில் இருக்கும்வரை ஏ, பி, சி என்று எழுத்து ஓடும், கட்டுமானத்துக்கு ஒப்புதல் ஆனதும் 0, அப்புறம் 1, 2. திரும்பி வருகிற வரைபடத்தில் ஒரு குறியீட்டு எண் (கோட்) இருக்கும். நான் இருந்த இடங்களில் 1 என்றால் ஒப்புதல், 2 என்றால் குறிப்புகளோடு ஒப்புதல், 3 என்றால் திருத்தி மறுபடி அனுப்பு. இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் மனப்பாடம் செய்து பயனில்லை, சேர்ந்த முதல் நாளே அங்குள்ள புரொசீஜரை (நடைமுறை விதிகளை) வாங்கிப் படித்துவிட வேண்டும். அகோனெக்ஸ், ஷேர்பாயின்ட் மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் வேலையில் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். எக்செல்லை மட்டும் இப்போதே பழகுங்கள். வீட்டில் கிடக்கிற வரி ரசீது, கரண்ட் பில், பேங்க் கடிதம் என்று 200 தாளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, தேதி, விவரம், இருக்கும் இடம் எல்லாம் போட்டு ஒரு ரிஜிஸ்டர் எழுதுங்கள். பிறகு யாரையாவது ஒரு தாளைக் கேட்கச் சொல்லி, ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இன்டர்வியூவில் அந்த ஃபைலைத் திறந்து காட்டினால், சான்றிதழைவிட அதைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறேன் என்று எவராவது வந்தால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு இருக்கிறது. லட்சத்தில் பேசுகிறவரிடம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி டிரெய்னியாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் ஐ.எஸ்.ஓ. ஆடிட். மெஷின் பக்கத்தில் எல்லாம் வேலைமுறையைச் சொல்லும் பழைய வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஜெராக்ஸை ஒட்டி வைத்திருக்கிறார்கள், எடுக்கப் போனால் ஆபரேட்டர் அண்ணன்மார் திட்டுகிறார்கள். என்ன செய்ய?
– கொழிஞ்சாம்பாறை வாசகி

கிழித்து எடுக்காதே தங்கச்சி. முதலில் அந்த ஜெராக்ஸைக் கிட்டத்தில் போய்ப் படி. ஓரத்தில் பென்சிலில் ஏதாவது எழுதியிருக்கும், இந்த மெஷினுக்கு இத்தனை டிகிரி, மழைக்காலத்தில் இவ்வளவு நேரம் கூட என்று. அது புதுக் காப்பியில் இல்லாததால்தான் பழையதை விட மாட்டேன் என்கிறார்கள். அந்தக் குறிப்பை உங்கள் இன்ஜினியரிடம் காட்டி, சரியென்றால் அடுத்த ரிவிஷனில் ஏற்றச் சொல். பிறகு ஒரு கையில் புதியதைக் கொடுத்து மறு கையில் பழையதை வாங்கு, ரிஜிஸ்டரில் கையெழுத்தோடு. ‘கன்ட்ரோல்ட் காப்பி’ (ரிஜிஸ்டரில் கணக்கு உள்ள காப்பி) முத்திரையைச் சிவப்பு மையில் குத்தினால், கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸ் எது என்று பார்த்ததும் தெரியும். பழைய ரிவிஷனில் ஒன்றே ஒன்றை ‘காலாவதி’ முத்திரையோடு தனி ஃபைலில் வைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, அதை ஆடிட்டர் கேட்டாலும் கேட்பார். ஆங்கிலத்தில் ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன், அதையே மலையாளத்திலும் தமிழிலும், இப்போது இந்தியிலும் ஒட்டுகிறார்கள் அல்லவா? ஆங்கிலம் ரிவிஷன் 3-க்குப் போயிருக்கும், தமிழ் 1-லேயே நிற்கும். மொழிபெயர்ப்பும் ஆவணம்தான். அதுவும் அதே எண்ணில், அதே நாளில் மாற வேண்டும்.

சீனியர்கள் யாராவது குவாலிட்டி மேனுவலும் (தரக் கையேடு) ஆறு புரொசீஜரும் கட்டாயம் என்று பயமுறுத்தினால், அது ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2008 பதிப்போடு போய்விட்டது என்று பணிவாகச் சொல்லலாம். ஐ.எஸ்.ஓ. 9001:2015-இல் 7.5 என்ற பிரிவை மட்டும் நாலு முறை படித்துவிடு, உன் வேலை முழுக்க அதில் இருக்கிறது.

சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஆபீஸ் வேலை. இடம் போதவில்லை, பழைய பேப்பரை எல்லாம் எரித்துவிடு என்கிறார் முதலாளி. எரிக்கலாமா? டாக்குமென்ட், ரெக்கார்ட் என்று தனித்தனியாகச் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?
– செங்கோட்டை வாசகர்

ஒன்றில்லை. காலியாக இருக்கிற படிவம் டாக்குமென்ட், அதை நாளைக்கு மாற்றி அச்சடிக்கலாம். அதே படிவத்தை ஒருவர் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் அது ரெக்கார்ட், நடந்ததற்குச் சாட்சி. அதில் கை வைக்கக் கூடாது.

எரிப்பது பற்றி: கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். ஜி.எஸ்.டி. கணக்குகளுக்கு, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம். வழக்கோ மேல்முறையீடோ நடக்கிறதென்றால் அது முடியும்வரை தொடவே வேண்டாம். இதெல்லாம் தாண்டியதைக் கழிக்கலாம், ஆனால் என்ன கழித்தோம், எந்த வருடத்தது, யார் அனுமதித்தார், என்றைக்கு என்று ஒரு பக்கம் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தேடுகிறபோது ‘இந்தப் பையன்தான் எரித்தான்’ என்று வந்து நிற்கும் பாருங்கள், அதற்குத்தான். அரசு அலுவலகக் கடிதத்தில் ந.க. எண் (கோப்பு எண்) பார்த்திருப்பீர்கள். அங்கே கோப்பை முடிக்கும்போதே இது ஓராண்டா, மூன்றா, பத்தா, நிரந்தரமா என்று முடிவு செய்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை உங்கள் அலமாரிக்கும் கொண்டுவாருங்கள், அடுத்த தடவை தீப்பெட்டி தேட வேண்டியிருக்காது.

தாத்தா காலத்து மலையாள ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்) ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைத் தூக்கிப் போடலாமா?
– மார்த்தாண்டம் வாசகர்

ஐயோ, கூடாது. ஸ்கேன் தேடுவதற்கு, மூலம் பேங்குக்கும் கோர்ட்டுக்கும். லேமினேஷனும் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. நம் பக்கம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்ததால் ஆதாரம் மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கில்) இருக்கும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கில ஆண்டை முன்னால் போடுங்கள், அப்போதுதான் கம்ப்யூட்டர் காலவரிசையில் அடுக்கும். கொல்லம் ஆண்டோடு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டிக்கொள்ளுங்கள். கொல்லம் 1115 மாசி என்றால் 1940 பிப்ரவரி–மார்ச். கூட்டலில் பிழை வந்தால் கண்டுபிடிக்க வேண்டுமே, அதனால் ஆதாரத்தில் உள்ள கொல்லம் தேதியையும் அப்படியே ரிஜிஸ்டரில் தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள்.