வலி போயிடுச்சுன்னா முட்டி ரெடின்னு அர்த்தம் இல்லீங்க

"பொண்ணுக்கு 17 வயசு, கபடி ரைடர். ஏசிஎல் ஆபரேஷன் முடிஞ்சு 5 மாசம் ஆச்சு, வலி சுத்தமா இல்ல, ஓடுறா. அடுத்த மாசம் மாவட்ட செலக்‌ஷன், இறக்கலாமா?"ன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க.

வேண்டாம்மா, இந்த செலக்‌ஷன விட்டுடுங்க. ஏசிஎல்ங்கிறது முட்டிக்குள்ள இருக்கிற ஒரு ஜவ்வு, அது கிழிஞ்ச இடத்துல பதிலா பெரும்பாலும் அவ தொடையோட பின்பக்க நாரைத்தான் எடுத்து வச்சிருப்பாங்க, அது வச்ச அன்னைக்கே ஜவ்வாயிடாது, முதல் சில மாசம் பலம் குறைஞ்சு, அப்புறம் புது ரத்தக்குழாய் வளர்ந்து, மெல்ல மெல்ல மாறி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகும். வலி அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடுது, அதுதான் ஏமாத்துறது. நேரா ஓடுறது வேற, பாடிட்டு திரும்புறப்ப ஒருத்தர் கணுக்கால பிடிச்சிருக்க உடம்பு மட்டும் முறுக்குறது வேற.

2016-ல நார்வேல வந்த ஆய்வுல, ஆபரேஷனுக்கு அப்புறம் ஆட்டத்துக்குத் திரும்புறத 9 மாசம் வரைக்கும் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் மறுபடி அடிபடுறது கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. 25 வயசுக்குக் கீழ இருந்து திரும்ப ஆடப் போறவங்கள்ல ஏறக்குறைய 4 பேர்ல ஒருத்தருக்கு அதே முட்டியோ அடுத்த முட்டியோ மறுபடி போகுது. ஸ்பெயின் ஃபுட்பால் வீராங்கனை அலெக்சியா புட்டெயாஸுக்கு 2022 ஜூலைல இதே ஜவ்வு கிழிஞ்சுது, கிளப்போட மருத்துவ டீமே கூட இருந்தும் 2023 ஏப்ரல் கடைசிலதான் இறங்கினாங்க.

9 மாசம் ஆச்சுன்னு காலண்டர மட்டும் பார்த்தும் இறக்காதீங்க. முன்தொடைத் தசை பலமும் ஒத்தக்கால்ல தாண்டுற தூரமும் நல்ல காலோட ஒப்பிட்டா 90 சதவீதமாவது இருக்கணும், இத பிசியோகிட்ட மெஷின்ல அளந்து நம்பராவே கேட்டு வாங்குங்க, "நல்லா இருக்கு"ங்கிற பதில் போதாது. ஆனா இத்தனை மாசம் ஓய்வுல நல்ல காலும் இளைச்சிருக்கும், அதனால 90 வந்தாலும் ரெண்டு காலுக்கும் பயிற்சி தொடரணும். நடை சரியானதும் பிசியோவ நிறுத்துறதுதான் நம்ம ஊர்ல நடக்குற பெரிய தப்பு, எனக்கு இதுலதான் மனசு ரொம்ப வேதனைப்படும், ஏன்னா ஸ்குவாட், லெக் பிரஸ்னு கனமா தூக்குற முக்கியமான கட்டமே அதுக்கப்புறம்தான் வருது.

வீட்ல ஒண்ணு பண்ணுங்க. படிக்கட்டுல ஒத்தக்கால்ல மெதுவா இறங்கச் சொல்லி முன்னாடி நின்னு போன்ல வீடியோ எடுங்க, முட்டி உள்பக்கமா சாயுதான்னு பாருங்க. பொண்ணுங்களுக்கு இது அதிகம், சாஞ்சா அந்த வீடியோவ பிசியோகிட்ட காட்டுங்க. பயிற்சிக்கு மறுநாள் காலைல முட்டி வீங்கியிருந்தா முந்தின நாள் பாரம் அதிகம்னு கணக்கு.

கோச்கிட்டயும் நீங்களே பேசுங்க, அந்தப் பாரத்த அவ தலைல போடாதீங்க. தினம் மைதானத்துக்குப் போகட்டும், ஸ்கோர் எழுதட்டும், டீமோட உக்காரட்டும்.