பேலன்ஸ்டு லைன் டிரைவர்: எந்த ஐசி வாங்கலாம்?

கேள்வி (அழகாபுரம்): அண்ணா, மாடி ரூம்ல டாக் (டிஜிட்டலை ஆடியோ சிக்னலா மாத்துற டிஏசி பெட்டி), கீழ் ஹால்ல ஆம்ப். நடுவுல 15 மீட்டர் கேபிள். ஆர்சிஏ-ல (ஒரு சிக்னல் கம்பி, ஒரு கிரவுண்டு இருக்கிற சாதா பிளக்) 50 ஹெர்ட்ஸ் ஹம் வருது. பேலன்ஸ்டு லைனா மாத்த டிரைவர் ஐசி டிஆர்வி134 வாங்கவா, தாட்1646 வாங்கவா?

பதில்: ஆம்ப்ல நிஜமான பேலன்ஸ்டு இன்புட் (ரெண்டு சிக்னல் கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறது) இருந்தா ரெண்டுமே வேண்டாம். ஒரு என்இ5532 (ரெண்டு ஆப்-ஆம்ப் உள்ள ஐசி) போதும், அதுலயே ரெண்டு சானலும் முடிஞ்சிடும். ஆப்-ஆம்ப் அவுட்புட்ல இருந்து 47 ஓம் வழியா எக்ஸ்எல்ஆர் (மூணு பின் சாக்கெட்: 1 ஷீல்டு, 2-ம் 3-ம் சிக்னல்) பின் 2. இன்னொரு 47 ஓம், பின் 3-ல இருந்து சர்க்யூட் கிரவுண்டுக்கு. பின் 3-ல சிக்னலே இல்லையேன்னு தோணும். ஹம்மைக் கழிக்கிறது ரிசீவர், அதாவது ஆம்ப் இன்புட். அதுக்கு ரெண்டு கம்பியிலும் சோர்ஸ் இம்பீடன்ஸ் (அனுப்புற பக்கத்துத் தடை) சமமா இருந்தாப் போதும். எதிரெதிர் சிக்னல் கட்டாயமில்லை. 1% மெட்டல் ஃபிலிம்ல பத்து வாங்கி, மீட்டர்ல அளந்து ஜோடி சேருங்க.

டிசி தடுக்க அவுட்புட்ல கப்பாசிட்டர் போட்டா, பின் 3 பக்கமும் அதே மதிப்பு போடணும். நிறையப் பேர் சறுக்குறது இங்கதான். 10 மைக்ரோஃபாரட், 50 ஹெர்ட்ஸுக்கு சுமார் 318 ஓம். ஒண்ணு 20% தள்ளி இருந்தா 50-ல இருந்து 80 ஓம் வரை வித்தியாசம். ஜோடி சேர்த்த ரெசிஸ்டர் வீண். 100 மைக்ரோஃபாரட் போட்டா அந்த வித்தியாசம் பத்துல ஒண்ணா இறங்கிடும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): என் ஆம்ப்ல ஆர்சிஏ மட்டும்தான் சார். பின் 3-ஐ என்ன செய்யறது?

பதில்: டிஆர்வி134, தாட்1646 ரெண்டுக்கும் குடுக்கிற காசு இதுக்குத்தான். ஆம்ப் பக்கத்து பிளக்ல பின் 3 கம்பியை கிரவுண்டோட சேருங்க, லெவல் குறையாது. ரெண்டு ஆப்-ஆம்ப் வெச்ச இன்வெர்ட்டர் டிரைவர்ல (ஒண்ணு நேர் சிக்னல், இன்னொண்ணு தலைகீழ் சிக்னல் குடுக்கிறது) மட்டும் அப்படி ஷார்ட் பண்ணாதீங்க. கிளிப் ஆன கரண்ட் கிரவுண்டுல ஓடி சத்தம் கரகரக்கும். பின் 3-ஐ அப்படியே விட்டுடுங்க. லெவல் பாதியாகும், அவ்வளவுதான்.

கேள்வி (அம்மாப்பேட்டை): டிஆர்வி134 போட்டுட்டேன். அவுட்புட் ஒரு பக்கமா போய் ஒட்டிக்குது.

பதில்: சென்ஸ் பின்னை (அவுட்புட்டைத் திரும்பப் பார்க்கிற பின்) அந்தரத்துல விட்டிருப்பீங்க. 1-ஐயும் 2-ஐயும், 7-ஐயும் 8-ஐயும் சேருங்க. சப்ளை பின் 5, 6 ஒட்டியே 100 நானோஃபாரட் ஒவ்வொண்ணு. இன்புட் இம்பீடன்ஸ் 10 கிலோ ஓம்தான். 50கே வால்யூமை நேரா முன்னாடி வெச்சா சிக்னல் படுத்துடும், நடுவுல ஒரு பஃபர் (சிக்னலை இழுக்காம கடத்துற ஆப்-ஆம்ப்) வேணும். கெயின் 6 டிபி: 2 வோல்ட் 4 ஆகும், ஆம்ப் தாங்குமான்னு பாருங்க.

கேள்வி (கொண்டலாம்பட்டி): பக்கத்து விசைத்தறி ஓடுனாலே டக் டக்னு சத்தம். பேலன்ஸ்டு பண்ணியும் போகல.

பதில்: பின் 1-ஐ போர்டு கிரவுண்டுக்கு இழுத்திருக்கீங்களா? ஷீல்டுல வர்ற இரைச்சல் நேரா சர்க்யூட்டுக்குள்ள போகுது. சாக்கெட்டுலயே, குட்டைக் கம்பியில, பின் 1-ஐ சேஸிஸோட (மெட்டல் பெட்டியோட) பிடியுங்க. போர்டு கிரவுண்டு சேஸிஸுக்கு ஒரே இடத்துல மட்டும். ஐசி மாத்துறது அதுக்கப்புறம்.

கேள்வி (ஏற்காடு): எஸ்டேட் பங்களாவுல இருந்து அவுட்ஹவுஸுக்கு 60 மீட்டர். எந்த டிரைவர்?

பதில்: டிரைவர் எதுவானாலும் சரி, ரிசீவர் பக்கம் 1:1 லைன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்க. ரெண்டு கட்டடத்து எர்த்தும் ஒரே வோல்டேஜ்ல இருக்காது. ஷீல்டை அனுப்புற முனையில மட்டும் சேருங்க. கோடை இடிக்கு டிரான்ஸ்ஃபார்மரும் காப்பாத்தாது. வானம் கறுத்தா ரெண்டு முனையிலும் பிளக்கைக் கழட்டிடுங்க.