விரிப்பைத் தூக்கிப் பார்த்தீர்களா?

கேள்வி: என்னுடைய 1998 மாடல் மாருதி ஜிப்ஸி ஜீப்பில் ஓட்டுநர் காலடித் தரை துருப்பிடித்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. ஃபைபர் ஒட்டித் தார் பூசிவிடலாம் என்கிறது ஒரு பட்டறை. வெட்டித் தகடு வைக்க ஐந்து மடங்கு கேட்கிறது இன்னொன்று. – கோத்தகிரி வாசகர்

பதில்: ஐந்து மடங்கு கேட்பவரிடமே போங்கள்.

தார் டப்பாவோடு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. துருவின் மேல் ஃபைபர் ஒட்டினால் ஈரம் அதற்கும் தகட்டுக்கும் நடுவே குடியிருக்கும். அடியில் தாரும் பூசிவிட்டால் உலரவே வழியில்லை. பார்வைக்கு வழவழவென்றிருக்கும் தரை உள்ளே அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருக்கும்.

விரிப்பை எடுத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். முனை இறங்காத கெட்டித் தகடு வரும்வரை வெட்டியாக வேண்டும். நாணய ஓட்டை சாப்பாட்டுத் தட்டாக விரியும், பதறாதீர்கள். 18 கேஜ் தகடு, அதாவது சுமார் 1.2 மி.மீ., போதும். சாதாரண ஆர்க் வெல்டிங் வேண்டாம், மெல்லிய தகட்டைப் பொத்துவிடும், கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு பற்றவைக்கும் சி.ஓ.2 வெல்டிங் கேளுங்கள். அதையும் ஒரே இழுப்பில் ஓட்டாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்தால்தான் தகடு நெளியாது. பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, அடியில் பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிட வேண்டும். பிறகு இருபுறமும் பிரைமர், இணைப்புகளில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட். பெயின்ட் அடிக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். பெயின்ட் அடித்த பிறகு எல்லா வேலையும் நல்ல வேலைதான்.

இது எனக்குச் சும்மா வந்த ஞானம் இல்லை. ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஜீப்பில் மூன்றாம் நாள் கிளட்சை மிதித்தபோது குதிகால் தரைக்குள் இறங்கியது. விரிப்பை உரித்தால், சமையல் எண்ணெய் டின்னை வெட்டி ரிவெட் அடித்திருந்தார்கள். டின்னில் சூரியகாந்திப் பூ வாடாமல் இருந்தது.

கேள்வி: புகைப்படத்தைப் பார்த்து, ஒருவர் சொந்தமாக ஓட்டிய ஜீப்பை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் தரை முழுக்கத் துரு என்று தெரிந்தது. நுகர்வோர் வழக்குப் போடலாமா? – தூத்துக்குடி வாசகர்

பதில்: கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? சொந்த வண்டியை விற்றவர் வியாபாரி இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வழக்கு நிற்பது கடினம். பொய் சொல்லி விற்றார் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உப்புக்காற்று ஊரில் இருந்துகொண்டு இனியாவது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கணவர் விட்டுச்சென்ற ஜீப்பை வாடகைக்கு விடாமல் நானே ஓட்டுகிறேன். 'தரை முழுவதும் புதிய தகடு' என்று பில் போட்டு 38,000 ரூபாய் வாங்கினார்கள். முதல் மழையிலேயே தண்ணீர் ஏறியது. பிரித்துப் பார்த்தால் பழைய துருவின் மேலேயே தகட்டை ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால், 'பெண்களுக்கு இதெல்லாம் புரியாது' என்கிறார்கள். – கம்பம் வாசகி

பதில்: அம்மா, உங்களுக்குப் புரிந்துவிட்டது என்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். அந்த பில் உங்கள் கையில் இருக்கிறதே, அதை நகையைப் போலப் பத்திரப்படுத்துங்கள். வேறு யாரும் தகட்டைத் தொடும் முன் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பட்டறையில் குறையை எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். என்ன ஆயிற்று என்று அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: துரு மாற்றும் திரவம் தடவினால் ஓட்டை அடைபடுமா? – சேலம் வாசகர்

பதில்: அடைபடாது.

கேள்வி: தரை நன்றாக இருக்கிறது, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் மட்டும் பாடி உட்காரும் இடத்தில் துளை. விலை மலிவு, வாங்கலாமா? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: தரையை மாற்றலாம். அதைத் தாங்குவதே சேசிஸ்தான். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள்.